வேலை முடியாத கேபின்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம். அதன் கைப்பிடியில் பச்சைப் பெயிண்ட் இருக்கிறது. காய்ந்ததுதான். ஆனால் இந்த வீட்டில் காய்ந்துவிட்டது என்று நம்பி உட்கார்ந்தவர்கள் சிலர் பச்சையோடு எழுந்து போயிருக்கிறார்கள். நீங்களோ வெள்ளைச் சட்டையில் வந்திருக்கிறீர்கள்.

கிரேன்காரரை முனைக்கடையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் வராமல் இந்த லாரிக் கேபினைத் தூக்குவது முறையாகாது. பத்து மணிக்கு வாருங்கள், ஒப்படைத்துவிடுகிறோம் என்று தொலைபேசியில் சொன்னவள் நான்தான், மறுக்கவில்லை. சொன்ன நேரத்துக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறவரைக் காக்கவைப்பது எனக்குப் பிடிக்காது. ஆயுள் முழுவதும் பள்ளிக்கூடத்து மணிக்குக் கட்டுப்பட்டு இருந்தவள், தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள், இன்று உங்கள் முன்னால் சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் என் வீட்டுக்காரரால்.

விடியற்காலையில் எழுந்தார். கேபினின் முன் கண்ணாடியைக் கழற்றினார். அதோ, சாக்குப் போட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறாரே, அதுதான். அதன் ரப்பர் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லி, வேலூருக்குப் பஸ் ஏறிவிட்டார். இன்றைக்குக் கிரேன் வருகிறது என்று அவருக்குத் தெரியும். நேற்றுச் சாப்பிடும்போதுகூட நினைவுபடுத்தினேன். "டீக் ஹை" என்றார். பட்டாளத்திலிருந்து வந்த நாள் முதல் எதற்கும் அவர் சொல்லும் சம்மதம் அதுதான். மறுப்பும் அதுதான், குரலை வைத்து நாம் கண்டுகொள்ள வேண்டும். எனக்கு அந்தத் திறமை இல்லை.

உங்கள் பழைய வண்டிக் காட்சிக்கூடத்தில் இதை எங்கே வைக்கப் போகிறீர்கள்? வாயிலிலேயா? நல்லது. வெயில் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பச்சை வெயில் தாங்காது. எத்தனை முறை அடித்த பச்சை என்று உங்களுக்குத் தெரியாது; சொன்னால் நம்பவும் மாட்டீர்கள்.

இது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காயலான் கடையில் கிடந்தது. இன்ஜின், சேசிஸ், சக்கரம் எல்லாம் எந்தக் காலத்திலோ எடைக்குப் போய்விட்டன. கேபின் மட்டும் மிச்சம். உள்ளே கோழிகள் அடைந்துகொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் ராணுவப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். இதே மாதிரி வண்டிகளைத்தான் பதான்கோட்டிலும் தேஜ்பூரிலும் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாராம். வேறு ஏதோ வாங்கப் போனவர் இதைப் பார்த்துவிட்டார். "வீட்டுக்கு ஒரு சாமான் வருது" என்று என்னிடம் சொன்னார். பீரோ வருகிறது என்று நினைத்தேன். கிரேன் வந்தது. என் துணிக்கொடி இருந்த இடத்தில் நான்கு செங்கல் தூண்களைக் கட்டி, அவற்றின் மேல் இதை இறக்கினார்கள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர் வீட்டு அஞ்சலை கேட்டாள்: "இன்னா டீச்சரம்மா, மிலிட்டரிக்காரரு தலைய மட்டும் வாங்கினு வந்துக்கிறாரு, ஒடம்பு எப்ப வரும்?" கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

தவறாக நினைக்காதீர்கள். அவர் நல்லவர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆனால் அவரோடு நான் எப்போது குடும்பம் நடத்தினேன் என்று கேட்டால், எனக்கே சொல்லத் தெரியாது. கல்யாணமாகி வீட்டில் கட்டிய மாவிலை உலர்வதற்குள் ரயில் ஏறினார். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறை. விருந்தாளியைப் போல வருவார். விருந்தாளிக்குச் சமைப்பதைப் போல நானும் சமைப்பேன். ஒருவருக்கொருவர் பழகிக்கொள்ளும் சமயத்தில் பெட்டியைக் கட்டுவார். எங்கள் பையன் அவரை மாமா என்று கூப்பிட்ட காலம் உண்டு. ஓய்வு பெற்று வந்தாரே, அதன் பிறகாவது இருந்தாரா? ஒரு தொழிற்சாலையில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். இரவு முறை. நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் திரும்பி வருவார். கேட்டுக்கு அருகில் சந்தித்துக்கொள்வோம், சாவியை வாங்கிக்கொள்வார். ஒருமுறைகூடச் சண்டை போடாத தம்பதி என்று தெருவில் எங்களுக்கு நல்ல பெயர்.

அப்புறம் பையன் மஸ்கட்டுக்குப் போனான். நானும் ஓய்வு பெற்றேன். அவரும் காவல் வேலையை விட்டார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். இருவருக்குமே ஒழுங்கு உண்டு, சிக்கலே அதுதான். அவருடையது பட்டாளத்து ஒழுங்கு, என்னுடையது பள்ளிக்கூடத்து ஒழுங்கு. அவர் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுவார்; எனக்கு ஒன்றரைக்குத்தான் பசிக்கும். டம்ளரை அவர் கவிழ்த்து வைப்பார். நான் நிமிர்த்தி வைப்பேன். அதற்காகச் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. சண்டை போடுவதற்குக்கூடக் கொஞ்சம் பழக்கம் வேண்டும் அல்லவா? முன் அறையில் அவரும் அவருடைய ரேடியோவும், பின் அறையில் நானும் என் செய்தித்தாளும். வீடு அமைதியாக இருந்தது. இந்தக் கேபின் வந்து அந்த அமைதியைக் கெடுத்தது.

முதலில் நான் அதன் பக்கமே போகவில்லை. அவர் பாட்டுக்குக் கழற்றினார். கழற்றிய போல்ட்டு, நட்டு, வாஷர், கீல் எல்லாவற்றையும் தார்ப்பாயில் பரப்பி வைத்தார். ஒருநாள் அவர் மிலிட்டரி கேன்டீனுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நனைந்தால் துருப்பிடிக்குமே என்று அத்தனையையும் நான் அள்ளினேன். வெறுமனே அள்ளிக் கொட்டவில்லை, தம்பி. நீளமானவை ஒரு பாட்டிலில், நடுத்தரமானவை ஒரு பாட்டிலில், சிறியவை ஒரு பாட்டிலில் என்று அளவுப்படி பிரித்து, துடைத்து, மூடி போட்டு, அலமாரியில் வரிசையாக அடுக்கினேன். அரை நாள் வேலை. யாரும் பாராட்டக்கூடிய வேலை.

அவர் வந்தார். பாட்டில்களைப் பார்த்தார். பிறகு வெறும் தார்ப்பாயின் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "டீச்சர், எல்லாத்தையும் உயரப்படி நிக்க வெச்சுட்டியே. இது என்ன காலைல பிரேயரா?"

விஷயம் என்னவென்றால், அவர் கழற்றிய வரிசையில் அவற்றைப் பரப்பியிருக்கிறார். முதலில் கழற்றியது இடக்கோடியில், கடைசியில் கழற்றியது வலக்கோடியில். மாட்டும்போது வலக்கோடியிலிருந்து தொடங்க வேண்டுமாம். ராணுவப் பட்டறையில் அதுதான் வழக்கமாம். எனக்கு எப்படித் தெரியும்? அளவுப்படி வைப்பதுதான் உலகத்தில் எல்லாரும் அறிந்த ஒழுங்கு என்று நான் சொன்னேன். ஒவ்வொரு போல்ட்டும் தான் இருந்த துளையில் தேய்ந்து பழகியிருக்கும், ஒன்றின் இடத்தில் இன்னொன்று இறுகாது என்று அவர் சொன்னார். அப்படியானால் துளைக்கு ஒரு பெயர் எழுதி வைத்திருக்கலாமே என்றேன். சண்டையில் பெயர் எழுதிக்கொண்டிருக்க நேரம் ஏது என்றார். இது சண்டைக்களம் அல்ல, காட்பாடி என்றேன். மழை வரவும் இல்லை. விளக்கேற்றும் வரையில் வாதம் நடந்தது. அவ்வளவு நேரம் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போலப் பேசியது அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன். எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

என் ஒழுங்கில் தவறு இருந்தது என்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் என் கை பட்ட வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போவது என் இயல்பில் இல்லை. மறுநாளே அவரோடு தார்ப்பாயில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்து, ஒவ்வொரு துளையிலும் விட்டுத் திருகிப் பார்த்து, அதற்குரிய இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வாரக்கணக்கில் நடந்தது. அந்த வேலை முடிவதற்குள் தகரம் தேய்க்க ஓர் ஆள் வேண்டும் என்றார். அப்படித்தான் நான் இதில் மாட்டிக்கொண்டேன்.

உப்புத்தாளால் துருவைத் தேய்த்திருக்கிறீர்களா? தேய்க்காதீர்கள். விரல் ரேகையெல்லாம் போய்விடும். அவர் வலது கதவு, நான் இடது கதவு. வட்டமாகத் தேய்க்காதே, நீளவாக்கில் தேய் என்பார். கொஞ்ச நேரம் கழித்து, தேஜ்பூரில் ஆற்றைக் கடக்கும்போது வண்டி ஏற்றிய படகு வெள்ளத்தில் சுழன்று திரும்பிய கதையை ஆரம்பித்துவிடுவார். பதான்கோட்டிலிருந்து மலை ஏறும்போது குளிருக்கு டீசல் உறைந்து, டேங்குக்குக் கீழே தீ மூட்டிய கதையைச் சொல்வார். நான் கேட்கவே இல்லை, தானாகச் சொல்வார். வேலைக்கு இடைஞ்சலான பேச்சு. பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. என்னை இரண்டு ஆண்டு படாதபாடு படுத்திய உதவித் தலைமை ஆசிரியரின் பெயர் இப்போது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தொலைக்காட்சியில் அந்த ஆளைப் போல யாராவது வந்தால், "டீச்சர், உன் ஆளு வந்துட்டாரு" என்கிறார்.

சாப்பாட்டு நேரமும் போயிற்று. ஒரு பூச்சு காயும்வரை சும்மா இருக்க வேண்டும் அல்லவா? அப்போதுதான் சாப்பிட முடியும். அவருடைய பன்னிரண்டும் இல்லை, என்னுடைய ஒன்றரையும் இல்லை. பெயிண்ட் காயும் நேரம் எதுவோ அதுவே எங்களுக்கு நேரம். இருவர் கையிலும் தின்னர் நாற்றம். பாதிச் சோற்றில் ஒருவர் எழுந்து வாசலுக்கு ஓடிக் காய்ந்ததா என்று பார்த்துவிட்டு வருவதும், மற்றவர் அப்பளத்தை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருப்பதுமாக, முறைப்படி உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. சீட்டைப் பொருத்திய அன்று இருவரும் உள்ளே ஏறி உட்கார்ந்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். அஞ்சலை குடத்தோடு நின்று, "ரெண்டு பேரும் உள்ள குந்தினு எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டாள். ஸ்பிரிங்கைச் சோதிக்கிறோம் என்று விளக்கினேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

பொற்கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் படித்தவள். ஏற்காட்டில் பெண்களுக்கான உறைவிடப் பள்ளி ஒன்றை நடத்துகிறாள். பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் வந்து, விடுதியையும் பள்ளியையும் சேர்த்துக் கவனிக்க நீங்கள்தான் வர வேண்டும் அம்மா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தனி அறை. வேளைக்கு மணி. மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் படுக்கும் பிள்ளைகள். எனக்கு வேறென்ன வேண்டும்? பெண்கள் விடுதி என்பதால் ஆண்கள் தங்க முடியாது. அதனால் என்ன, அவர் தனியாக இருந்து பழகியவர்தானே, இங்கேயே இருந்துகொள்வார் என்று நானே சொன்னேன். அவர் எதிரிலேயே சொன்னேன். மறைத்துப் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. கேபினுக்குள் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். "இந்த வண்டி வேலை முடியட்டும், மறுநாளே கிளம்பி வருகிறேன்" என்று பொற்கொடிக்கு வாக்குக் கொடுத்தேன். உள்ளேயிருந்து அவர் கையை மட்டும் நீட்டிப் பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கேட்டார். கொடுத்தேன். அவ்வளவுதான்.

அப்போது ஏறக்குறைய எல்லாம் முடிந்திருந்தது. இன்னும் சில நாள் வேலைதான் என்று அவரே சொல்லியிருந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவருடைய வேலைத்திறன் குறையத் தொடங்கியது. இதை நான் தெளிவாகக் கவனித்திருக்கிறேன். முதலில் பச்சை சரியில்லை என்றார். அந்தக் காலத்துப் பச்சை இன்னும் கொஞ்சம் மங்கலாக இருக்குமாம். முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தோம். காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தார். இப்போது அதிகமாக மங்கிவிட்டது என்றார். மறுபடி தேய்த்தோம். பிறகு கதவு. விரலால் தள்ளினால் மூடிக்கொள்ளும் கதவைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கீல் சத்தம் போடுகிறது என்றார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

கடைசியில் சீட்டுக்கு வந்தார். அந்த சீட்டுக்கு ரெக்சின் தைத்தவள் நான். ஊசி முறிய முறியத் தைத்தது. ஒருநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், தையல் முழுவதையும் பிரித்து வைத்திருக்கிறார். உள்ளே தேங்காய் நார் பத்தாது என்கிறார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, தம்பி. இனி இவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் எப்படிப் பேசாமல் இருப்பது? ஊசியில் நூல் கோக்க அவருக்குக் கண் தெரியாது. கோத்துக் கொடுத்தேன். தையல் கோணலாகப் போகிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். "நீ போட்ட தையல்தான் டீச்சர் நேரா இருந்துச்சு" என்றார். அப்படியானால் ஏன் பிரித்தீர்கள் என்று கேட்டேன். நாரை எடுத்து உதறிக்கொண்டே இருந்தார்.

மறதி நோயின் ஆரம்பமோ என்று எனக்குப் பயம் வந்தது. செய்த வேலையையே மறுபடி மறுபடி செய்வது அதன் அடையாளம் என்று படித்திருக்கிறேன். டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் இவர் டக் டக்கென்று பதில் சொன்னார். மனைவி பெயரைக் கேட்டபோது மட்டும் "டீச்சர்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். "திலகவதி டீச்சர்" என்று இவர் திருத்திக்கொண்டார். மூளைக்கு ஒரு குறையும் இல்லை அம்மா, வீட்டில் ஏதாவது கவலை உண்டா என்று டாக்டர் கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு கவலையும் கிடையாது என்று இருவருக்குமாக நானே பதில் சொன்னேன். உண்மைதானே? ஓய்வூதியம் வருகிறது, சொந்த வீடு, பையன் நல்ல நிலையில் இருக்கிறான். இவருக்கு என்ன கவலை?

பொற்கொடியோ வாரம் தவறாமல் கேட்கிறாள். அம்மா, வேலை முடிந்ததா, அம்மா, வண்டி முடிந்ததா என்று. ஜூனில் பள்ளி திறந்துவிடும். ஒரு வேலைக்கு ஒரு முடிவு வேண்டாமா? யாராவது ஒருவர்தான் இதை முடித்துவைக்க வேண்டும். அதனால்தான் உங்கள் காட்சிக்கூடத்தைக் கண்டுபிடித்து நானே பேசினேன். அவரிடமும் சொன்னேன். வெயிலிலும் மழையிலும் இங்கே கிடப்பதைவிட, நாலு பேர் பார்க்கிற இடத்தில் கௌரவமாக இருக்கட்டும், உங்கள் பெயரையும் எழுதி வைப்பார்கள் என்றேன். அப்போதும் "டீக் ஹை" தான். இந்த ஒரு வாரமாக ரேடியோவை எடுத்து மறுபடி முன் அறையில் வைத்துக்கொண்டிருக்கிறார். நானும் பின் அறைக்குப் போய்விட்டேன். அமைதியாகத்தான் இருக்கிறது. முன்பு அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்று நினைவு. இப்போது என்னவோ, செய்தித்தாளில் ஒரு வரியைப் பல முறை படிக்க வேண்டியிருக்கிறது. வயதாகிறது அல்லவா?

அதோ, கேட் சத்தம். வந்துவிட்டார். ரப்பரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு எவ்வளவு நிதானமாக நடந்து வருகிறார், பாருங்கள்.

ஏங்க, இங்க வாங்க. இவங்க பத்து மணிக்கே வந்துட்டாங்க. மணி என்ன ஆச்சு? சரி, சரி. அதக் குடுங்க என்கிட்ட.

ஒரு நிமிஷம் தம்பி. கண்ணாடியின் விளிம்பில் வைத்துப் பார்த்துவிடுகிறேன். இந்தக் கோடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுத்துங்கள். போகிறதா? போகவில்லை. இந்த ரப்பரின் பள்ளம் மிகவும் ஒடுக்கமாக இருக்கிறது. இந்தக் கண்ணாடி அதற்குள் நுழையவே நுழையாது. இது ஜீப்புக்கு வருகிற ரப்பர். பட்டறையைக் கண்ணால் பார்க்காத எனக்கே தெரிகிறது. இவர் அங்கேயே தலை நரைத்தவர்.

ஏங்க, இது சேராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?

கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. தெரியாம வாங்கினு வந்தீங்களா?

தெரியும் என்கிறார்.

கேட்டீர்களா தம்பி? தெரியும் என்கிறார்.

இருங்கள். கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. கண்ணாடி இல்லாமலே எடுத்துப் போகலாம், அங்கே ஆளை வைத்துப் பொருத்திக்கொள்ளலாம். உங்களிடம் ஆள் இருப்பார்கள். ஆனால் என் வீட்டிலிருந்து ஒரு பொருள் அரைகுறையாக வெளியே போனதில்லை. இன்றைக்கும் போகாது. கிரேன்காரரைத் திரும்பிப் போகச் சொல்லிவிடுங்கள். அலைந்ததற்கு என்னை மன்னிக்க வேண்டும். ஏற்பாடு செய்தவள் நான்.

மறுபடி எப்போது வரலாம் என்றா கேட்கிறீர்கள்? அதை இப்போது எப்படிச் சொல்வது? கண்ணாடி பொருந்திய பிறகு கதவை ஒருமுறை பார்க்க வேண்டும். இடது கதவு விரலால் தள்ளினாலே மூடிக்கொள்கிறது. பட்டாளத்து வண்டியில் ஒரு கதவு அவ்வளவு இலேசாக மூடக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. பச்சையும் சரியில்லை. உங்களுக்குத் தெரியவில்லையா? வெயிலில் வந்து நின்று பாருங்கள், தம்பி, நன்றாகப் பாருங்கள். சரியில்லை.

பொற்கொடிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஏங்க, நின்னுக்கிட்டே இருக்காதீங்க. அந்த ரப்பரக் கீழ வைங்க. நாளைக்கு நானும் கடைக்கு வரேன்.